ஆச்சும்மா

வெள்ளை ஹெல்மெட் போட்ட பயிற்சிப் பிள்ளைகளை எனக்கு ஆகவே ஆகாது. நான் இருபத்தாறு வருஷமாகக் கம்பம் ஏறிய லைன்மேன். எங்கள் மின்சாரக் கம்பெனி வருஷா வருஷம் பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பத்துப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுக்கும். இரண்டு வருஷம் பிரிவு பிரிவாகச் சுற்றவிட்டு, கடைசியில் அதிகாரியாக்கும். அவர்கள் எங்களோடு லைனுக்கு வருகிற இரண்டு மாதமும் தண்டனை எங்களுக்குத்தான். ஒருத்தன் டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெய் எதற்கு என்று கேட்டான். "அப்பளம் பொரிக்க" என்றேன், எழுதிக்கொண்டான். இன்னொருத்தன் ஏணியில் ஆறு படி ஏறி, போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, இறங்கத் தெரியாமல் மேலேயே நின்றான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தப் பிள்ளைகளே பிறகு அதிகாரியாகி எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், அதையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு வெள்ளை ஹெல்மெட் வந்து அலமாரி மேல் உட்கார்ந்தது.

என் மகள் இந்த வேலைக்கு எழுதிப் போட்டதே எனக்குத் தெரியாது. எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் என்று மூன்று சுற்று முடிந்து, கடிதம் வந்த பிறகுதான் என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு தடவை படித்தேன். "இதுல என் பேரு எங்கயாவது போட்டிருக்கா? சிபாரிசுன்னு எவனாவது சொல்லிடப் போறான்" என்றேன். சந்தோஷம் வந்தால் எனக்கு வாயில் அப்படித்தான் வரும். என் மச்சான்தான் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தான். கீழே இருந்த கையெழுத்தைக்கூட விடவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவனும் லைன்மேன், என் கேங்கில்தான் வேலை. எங்கள் வீட்டுப் பின் அறையில்தான் படுக்கை. கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால், "உங்க வீட்டைத் தினம் பார்த்துட்டுமா அத்தான்?" என்பான். என் மகளைவிடப் பதினோரு வயதுதான் மூத்தவன். அவளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவன் அவன், சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் அவன், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது என்னிடம் திட்டு வாங்கியவனும் அவன்தான். வேலையில் சேர்ந்த அன்று அவள் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை அவன்தான் சரியாக இழுத்துக் கட்டினான்.

"மேடம், இனிமே நாங்க உங்களுக்கு சல்யூட் அடிக்கணுமா?"

"அடிச்சுத்தான் ஆகணும் மாமா. ரெண்டு வேளையும்."

அவன் நிஜமாகவே அடித்தான். அன்றிலிருந்து காலையில் அவளுக்கு ஒரு சல்யூட், அவள் செருப்பு மாட்டும்போது.

அந்த வருஷம்தான் எனக்கு இரத்த அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. நான் மறந்துவிடுவேன் என்று என் மகள் ஏழு அறை வைத்த சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, கிழமைவாரியாக மாத்திரை போட்டு, என் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். அதோடு விட்டாளா? மணி ஒன்று அடித்தால் போன். எந்தப் பிரிவில் இருந்தாலும், மீட்டர் சோதிக்கிற இடமோ பில் கவுண்டரோ, ஒரு மணிக்குத் தன் செல்போனிலிருந்து கூப்பிடுவாள். நீளமாகப் பேச மாட்டாள்.

"ஆச்சாப்பா?"

"ஆச்சும்மா."

"சரிப்பா."

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். மாத்திரை என்ற வார்த்தையே வராது. "உங்களுக்கு ஆபீசரும் அவதான், டாக்டரும் அவதான்" என்று மச்சான் சிரிப்பான்.

பத்தாவது மாதம் அவளைக் கண்ட்ரோல் ரூமில் போட்டார்கள். நாங்கள் ஒரு லைனில் கை வைக்குமுன் அங்கே போன் செய்து, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஒரு எண் வாங்க வேண்டும். லைன் கிளியர் என்று அதற்குப் பெயர். வேலை முடிந்ததும், வாங்கியவனே கூப்பிட்டு, ஆட்கள் இறங்கிவிட்டார்கள், சாமான்களை எடுத்துவிட்டோம் என்று முழுசாகச் சொல்லி அந்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் அதைத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்ட பிறகுதான் மின்சாரம் விடலாம். பயிற்சிப் பிள்ளைகள் போனை எடுக்கலாம், எழுதலாம். கையெழுத்து ஷிஃப்ட் எஞ்சினியருடையது.

முதல் வாரம் நான் லைன் கிளியர் கேட்டபோது அவள்தான் எடுத்தாள்.

"உங்க பணியாளர் எண் சொல்லுங்க."

"என்னடி, பெத்த அப்பன்கிட்டயே நம்பர் கேக்குற? மச்சம் எங்க இருக்குன்னும் சொல்லவா?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எண்ணை வாங்கி, நான் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னாள். சாயங்காலம் வீட்டில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அது ரூல்ப்பா."

"எனக்கு ரூல் சொல்லித் தர நீ இன்னொரு தடவை பொறந்து வரணும். நாலு பேர் முன்னாடி அப்பனை யாரோ மாதிரி நிக்க வைக்கிற."

அவள் முகம் சுருங்கிவிட்டது. மச்சான்கூட, "விடுங்க அத்தான், அவ சரியாத்தானே பண்ணினா" என்றான். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவ்வளவு கொழுப்பு எனக்கு. மூன்றாவது நாள் நான் போன் செய்தபோது அவள் எண் கேட்கவில்லை. அடுத்த வாரம் திரும்பச் சொல்வதும் நின்றது. "நிறுத்தியாச்சுப்பா." "எடுத்தாச்சும்மா." எனக்குப் பரம திருப்தி. இதோ, என் மகள் என் மகளாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்று பழைய கிடங்குத் தெருவில் கம்பியைத் தாங்கும் மூன்று பீங்கான்களை மாற்றுகிற வேலை. பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் முடித்துவிட்டோம். தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் ஆளைத் தாக்காமலிருக்க லைனை பூமியோடு சேர்த்துக் கட்டியிருந்த எர்த் கம்பிகளை அவிழ்த்து, கேங்கில் மற்ற இரண்டு பேரும் வண்டிக்குக் கொண்டுபோனார்கள். நானும் மச்சானும் கம்பத்தடியில் நின்றோம். அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அத்தான், அந்த கிளாம்ப் ஒரு சுத்து லூசா இருக்கு. ரெண்டே நிமிஷம்."

எர்த் கம்பியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லைன் கிளியர் இன்னும் என் கையில்தானே இருக்கிறது என்ற தைரியம். "சீக்கிரம் ஏறி இறங்குடா, பசி உயிர் போகுது" என்றேன். அவன் ஏறினான். நான் எதிர்ச் சுவர் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவசர அவசரமாகச் சாப்பிட்டு, பெட்டியில் அந்தக் கிழமை அறையைத் திறந்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். போன் அடித்தது. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது, எந்த எண் என்று பார்க்கவில்லை.

"ஆச்சாப்பா?"

"ஆச்சும்மா."

"சரிப்பா."

டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

கண்ட்ரோல் ரூமில் நடந்தது எனக்குப் பிறகு விசாரணைக் காகிதங்களில்தான் தெரிந்தது. தண்ணீர் இறைக்கிற நிலையம் அந்த லைனில் இருக்கிறது. மின்சாரம் கேட்டு அங்கிருந்து அரை மணி நேரமாக நச்சரித்திருக்கிறார்கள். ஷிஃப்ட் எஞ்சினியர் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு, "உங்கப்பா வேலை முடிஞ்சுதான்னு கேளும்மா" என்றிருக்கிறார். அவள் அலுவலக போனில் கேட்டாள். "முடிஞ்சுதாம் சார்" என்றாள். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மின்சாரம் விட்டபோது மணி ஒன்று அடித்து இரண்டு நிமிஷம்.

மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. முப்பத்து நாலு வயது.

மூன்றாம் நாள் என் சாப்பாட்டுப் பையை யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி அதை அடுப்படியில் பிரித்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே போயிருந்தது. டப்பாவைக் கழுவினாள், மாத்திரைப் பெட்டியை எடுத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்கு மாத்திரை போட்டிருக்கீங்க."

அந்தக் கிழமை அறை காலியாகத் திறந்து கிடந்தது.

"அவ கேட்டது லைனை. நீங்க சொன்னது மாத்திரையை. அதானே?"

"மெதுவாப் பேசு."

"அவளுக்குத் தெரியுமா?"

"சந்தேகப்படுறா. அந்த போனையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்கா."

என் மனைவி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். செத்தவன் அவள் கையில் வளர்ந்தவன். அவர்கள் அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவள்தான் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினாள். என் கழுத்தைப் பிடித்து உலுக்கினாலும் நான் நின்றிருப்பேன். அவள் அது எதையும் செய்யவில்லை. எழுந்து, அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றை உடைத்து, காலியாக இருந்த அந்த அறையில் போட்டு மூடினாள். முதல் மாத்திரை கீழே விழுந்துவிட்டது, இரண்டாவதைத்தான் போட்டாள்.

"தம்பி போயிட்டான். இவளையும் குடுக்க என்னால முடியாது" என்றாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

மகளின் நிலைமை அப்படி இருந்தது. பதினோரு நாளாக அவள் கண் மூடவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடிப்பாள், டம்ளரைத் திரும்ப வாங்க நாங்கள்தான் விரலைப் பிரிக்க வேண்டும். மாடிப்படிக் கதவை என் மனைவி பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். வேலை போகட்டும், அது பெரிதில்லை. இவள் பிழைப்பாளா என்பதுதான் எங்கள் பயம். விசாரணைக்கு முந்தின நாள் அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். 'நான் வேலையைக் கேட்டேன். அப்பா மாத்திரையைச் சொன்னார். என் மாமாவைக் கொன்றது நான்.' அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

மத்தியானம் என் எதிரில் வந்து நின்றாள். கையில் அந்தப் பெட்டி.

"அப்பா, ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாத."

"கேளு."

"அன்னிக்கு மாத்திரை இதுலயே இருக்கு. நீ போடவே இல்ல."

"போடல. மறந்துட்டேன்."

"அப்ப ஆச்சுன்னு எதைச் சொன்ன?"

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"வேலையத்தான் சொன்னேன்."

"மாமா மேல இருந்தாரே."

"இறங்கிட்டான்னு நெனச்சேன்."

"நெனச்சியா? அண்ணாந்து பார்க்கல?"

"பார்க்கல. பசி. சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் ஊசி போடுமுன் டாக்டரைப் பார்ப்பாளே, அந்த மாதிரி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று தெரியும். அப்புறம் மாடிக்குப் போய்விடுவாள் என்றும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உன் பசிக்கு என் மாமாவா?" என்றாள்.

சத்தம் போடவில்லை. பெட்டியை மேஜைமேல் வைத்தாள். எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்தாள். அறைக்குள் போய்ப் படுத்தவள் மறுநாள் காலை வரை அசையாமல் தூங்கினாள். என் மனைவி அறை வாசலில் உட்கார்ந்து, அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். கண்ட்ரோல் ரூமில் பதிவாகியிருந்த அந்த அழைப்பைப் போட்டுக் காட்டினார்கள். மொத்தம் மூன்று பேச்சு, நாலு விநாடி. என்னைக் கேட்டார்கள், நான் வீட்டில் சொன்னதையே சொன்னேன். எர்த் கம்பியை முன்கூட்டியே எடுத்ததையும் சொன்னேன். அதுவாவது நிஜம், அதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வாய் கூசவில்லை. அவளை முதல் நாளிலிருந்தே எண் கேட்கவிடாமல் நான்தான் கேலி பண்ணிக் கெடுத்தேன் என்றும் சொன்னேன். அவள் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஷிஃப்ட் எஞ்சினியரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அவளுக்கு எச்சரிக்கை, பயிற்சி மூன்று மாதம் நீட்டிப்பு. என்னைக் கம்பத்திலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டார்கள். கையுறை, போல்ட், டேப் எடுத்துக் கொடுக்கிற வேலை.

அவள் பயிற்சி விடுதிக்குப் போய்விட்டாள். அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் வருகிற நேரம் நான் வெளியே போய்விடுவேன், எதிரில் பட்டால் அவள் சுவரைப் பார்ப்பாள். அவள் முன்னால் என் மனைவியும் என்னோடு பேச மாட்டாள். "பேசினா அவளுக்குச் சந்தேகம் வரும்" என்றாள் ஒரு நாள். சரிதான். ஆனால் அவள் வராத நாட்களிலும் என் மனைவி சில சமயம் பேசுவதில்லை. அது நடிப்பா நிஜமா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. கேட்கிற தகுதி எனக்கு ஏது?

ஒன்றரை வருஷம் கழித்து அவள் பயிற்சி முடிந்து, பாதுகாப்புப் பிரிவில் அதிகாரியானாள். அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பிரிவு. லைனில் இருப்பவர்கள், ஸ்டோரில் இருப்பவர்கள், எல்லாரும் ஒரு நாள் வகுப்புக்கு வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோட்டீசில் அவள் பெயர் இருந்தது. லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன். போகாமலும் இருக்க முடியவில்லை. அவள் எழுந்து நின்று பேசி நான் கேட்டதே இல்லை.

நாற்பது பேர் இருந்தோம். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். திரையில் கிடங்குத் தெருக் கம்பத்தின் படம் வந்தது. அதன் பிறகு அந்த அழைப்பை எல்லாருக்கும் போட்டாள். அவள் குரல், என் குரல், அவள் குரல். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"இதுல ரெண்டு தப்பு இருக்கு" என்றாள். "போன்ல கேட்டவங்க முழுசாக் கேக்கல. அது என் தப்பு. பதில் சொன்னவர், மேல ஆள் இருக்கா இல்லையான்னு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காம முடிஞ்சுதுன்னு சொல்லிட்டார். அவர் பார்த்திருந்தா அந்த ஆள் இன்னிக்கு உயிரோட இருப்பார்."

அவள் அடுத்த படத்துக்குப் போனாள். எண் கேட்பது, முழு வாக்கியமாகச் சொல்வது, திரும்பச் சொல்வது என்று ஒவ்வொன்றாக விளக்கி, எங்களையே எழுப்பிச் சொல்லச் சொன்னாள். முன் வரிசையில் ஒருத்தன் பாதியில் சிரித்தான். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

முடிந்ததும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் கூட்டத்தோடு நழுவப் பார்த்தேன்.

"நீங்க இன்னும் போடல" என்றாள்.

அவள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். பணியாளர் எண் என்ற கட்டத்தில் என் எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். "சரி, போகலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கே போயிருந்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன பேசினா?"

"அன்னிக்கு நடந்ததைச் சொன்னா. போனைப் போட்டுக் காட்டினா. நான் அண்ணாந்து பார்க்காததாலதான் அவன் செத்தான்னு சொன்னா."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

"அழுதாளா?"

"இல்ல."

"குரல்கூட நடுங்கலையா?"

"கொஞ்சம்கூட இல்ல. கணீர்னு பேசினா."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப நல்லாத் தூங்குறா போல இருக்குங்க" என்றாள்.